பேட்டரி ஸ்கூட்டரில் விழுந்தால்

தில்லியில் பேட்டரி ஸ்கூட்டர் பெருகிவிட்டது. கரோல் பாக் சந்திலும் ஓடுகிறது. மயூர் விஹார் பெரிய சாலையிலும் ஓடுகிறது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்கள் இதை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விடும் தாய்மாரும் ஓட்டுகிறார்கள். பெட்ரோல் செலவு இல்லை. புகை இல்லை. சத்தமும் இல்லை. 2020 ஆகஸ்டில் தில்லி அரசு மின்சார வண்டிகளுக்கு என்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. வாங்குவோருக்கு மானியம் அறிவித்தது. அதன் பிறகு இந்த வண்டிகள் இன்னும் கூடின.

வண்டி நல்ல வண்டிதான். ஆனால் விழுந்தால் அடி படும். அடி பட்டவர்கள் முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். மாவுக்கட்டு போட்டுக்கொள்கிறார்கள். பிறகு பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. எலும்பு கோணலாகக் கூடிவிடுகிறது. விரல் மடங்குவதில்லை. உழைக்கும் கை பாதிக் கையாகிவிடுகிறது. முதல் நாள் வைத்தியம் பாதிதான். மீதி வைத்தியம் அடுத்து வரும் ஆறு வாரத்தில் இருக்கிறது.

சின்ன வண்டி என்றால் சின்ன அடியா?

பேட்டரி ஸ்கூட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேகமாகப் போகும் வண்டி. இதற்கு நம்பர் பிளேட் வேண்டும். லைசென்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டும். இன்னொன்று மெதுவாகப் போகும் வண்டி. அதன் மோட்டார் சக்தி 250 வாட்டுக்கு மேல் இருக்காது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாது. இதை மோட்டார் வாகனம் என்றே சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் லைசென்ஸும் கேட்பதில்லை, நம்பரும் கேட்பதில்லை.

சட்டம் விட்டுவிட்டது என்பதால் இதைச் சிலர் விளையாட்டுப் பொருள் போல நினைக்கிறார்கள். ஹெல்மெட் போடுவதில்லை. 25 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 7 மீட்டர். நான்கு பேர் வரிசையாக நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளம்? ஏறக்குறைய அவ்வளவு தூரத்தை வண்டி ஒரே நொடியில் கடக்கிறது. அந்த வேகத்தில் சிமெண்டுத் தரையில் தலை மோதினால் மண்டை ஓடு உடையும். நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தவர்களே உண்டு. சில கடைகளில் வேகத்துக்கு வைத்திருக்கும் தடையையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டி பேருக்குத்தான் மெதுவான வண்டி.

தில்லிக்கு இது புதிய கதை அல்ல. 2014-க்கு முன்னால் பேட்டரி ரிக்‌ஷாக்கள் இப்படித்தான் நம்பரும் லைசென்ஸும் இல்லாமல் ஓடின. 2014 ஜூலையில் திரிலோக்புரியில் ஒரு பேட்டரி ரிக்‌ஷா, குழந்தையோடு இருந்த ஒரு தாய் மீது மோதியது. குழந்தை தவறிக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் விழுந்து இறந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் பேட்டரி ரிக்‌ஷாக்களுக்குத் தடை போட்டது. பிறகு விதிகளை மாற்றினார்கள். 2015-இல் சட்டத்தையும் திருத்தினார்கள். ரிக்‌ஷாவுக்குப் பதிவும் லைசென்ஸும் கட்டாயம் ஆயின. மெதுவாகப் போகும் ஸ்கூட்டருக்கு அந்தக் கட்டாயம் இன்னும் வரவில்லை.

வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஹோவர்போர்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஒரு பலகை. அதன் மேல் நின்றால் அதுவே ஓடும். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அமெரிக்காவில் 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 27 ஆயிரம் பிள்ளைகள் இதில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். அவர்களில் அதிகம் பேருக்கு அடி பட்ட இடம் மணிக்கட்டு.

மணிக்கட்டு ஏன்? விழும்போது மனிதன் என்ன செய்கிறான்? கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறான். உடம்பின் முழுப் பாரமும் அந்தக் கையில் இறங்குகிறது. மணிக்கட்டு முறிகிறது. பிள்ளைகளுக்கு முழங்கைக்கு மேலே முறிவதும் உண்டு. தோள் தரையில் மோதினால் காரை எலும்பு முறியும். வண்டி காலின் மேல் சாய்ந்தால் கணுக்கால் போகும்.

எதனால் விழுகிறார்கள்?

பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைப்பிடியைத் திருகினால் வண்டி கொஞ்சம் உறுமிவிட்டுத்தான் கிளம்பும். பேட்டரி வண்டி அப்படி இல்லை. திருகியவுடன் பாயும். வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. இறங்கி நின்றுகொண்டு பை எடுக்கும்போது கை கைப்பிடியில் பட்டுவிடும். வண்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். முன்னால் குழந்தை நின்றிருந்தால் கேட்க வேண்டாம். வண்டியைத் தள்ளும் முன்பும் இறங்கும் முன்பும் சாவியை அணைத்துவிட வேண்டும்.

சத்தம் இல்லாததால் நடந்து போகிறவருக்கும் வண்டி வருவது தெரியாது. வயதானவர்கள் பின்னால் போகும்போது ஹாரன் அடிக்க வேண்டும். துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் பின் சக்கரத்தில் சிக்கும். கழுத்தையே நெரித்துவிடும். இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும்.

தில்லியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிப் பட்டம் விடுவார்கள். கண்ணாடித் தூளும் உலோகத் தூளும் பூசிய நைலான் மாஞ்சா நூல் சாலையின் குறுக்கே தொங்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தை அறுத்துவிடும். 2017 ஜனவரியில் தில்லி அரசு இந்த நூலைத் தடை செய்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். அந்த நாட்களில் கழுத்தில் கனத்த துணியைச் சுற்றி, முனைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மெதுவாக ஓட்டுவது நல்லது.

2014 வரை தில்லியில் பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்க வேண்டும். தாடைக்குக் கீழே வார் மாட்டவில்லை என்றால் அது தொப்பிக்குச் சமம். விழும்போது தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் போகும்.

விழுந்த உடனே

கூட்டம் கூடும். ஒருவர் தூக்கு என்பார். ஒருவர் தண்ணீர் கொடு என்பார். இரண்டும் தவறாகலாம். கழுத்தும் முதுகும் வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னால் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூச்சு நன்றாக வந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

இரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதுவும் வைக்கக் கூடாது. சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மண்ணும் கல்லும் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று டாக்டர் கேட்பார். நினைவில்லை என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

கை வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். இதைப் பலரும் மறக்கிறார்கள். வீங்கிய பிறகு மோதிரம் விரலை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். முறிந்த கையை இழுத்து நேராக்க முயலக் கூடாது. செய்தித்தாளைத் தடியாகச் சுருட்டிக் கைக்கு அடியில் வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, கழுத்திலிருந்து தொங்கவிட்டால் போதும்.

கூப்பிட வேண்டிய எண் 112. தில்லி அரசின் ஆம்புலன்சுக்கு 102. தெற்கு தில்லியில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையம் இருக்கிறது. எய்ம்ஸுக்கு எதிரே சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. வடக்கே சிவில் லைன்ஸ் பக்கம் சுஷ்ருதா விபத்துச் சிகிச்சை மையம். தில்லி கேட் அருகே லோக் நாயக் ஆஸ்பத்திரி. கிழக்கே தில்ஷாத் கார்டனில் குரு தேக் பகதூர் ஆஸ்பத்திரி. எல்லாம் அரசு ஆஸ்பத்திரிகள்.

உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்று பயந்து பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது சேர்ந்தது. உதவி செய்தவர் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

தலையில் அடி பட்டால்

தலையில் அடி பட்டவர் எழுந்து நடப்பார். பேசுவார். ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்பார். சில மணி நேரம் கழித்து மயங்கிச் சாய்வார். மண்டைக்குள்ளே இரத்தம் மெதுவாகக் கசிந்து மூளையை அழுத்துவதால் இப்படி ஆகும். வெளியில் காயமே இருக்காது.

ஆகவே இரண்டு நாள் அவரைத் தனியாக விடக் கூடாது. அறையில் தனியாகத் தங்கும் இளைஞர் என்றால் நண்பர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கக் கையோ காலோ சோர்வது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது, ஒரு கண்ணின் பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள், அடி சிறியதாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த இரண்டு நாளும் மது கூடாது. மது மயக்கமா, மூளையில் அடியா என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

மாவுக்கட்டு போட்ட பிறகு

ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகும் வேலை. மழையில் வண்டி வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். சீட்டில் மறுபடி வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார்கள். அவர் அறைக்கு வந்துவிட்டார்.

முதல் இரவுதான் ஆபத்தான இரவு. உள்ளே கை வீங்குகிறது. வெளியே கட்டு விரிவதில்லை. இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். மாத்திரை போட்டும் வலி கூடிக்கொண்டே போகிறதா? விரல் நீலமாகவோ வெளுத்தோ போகிறதா? சில்லென்று ஆகிறதா? மரத்துப்போகிறதா? விரலைப் பிறர் நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி எடுக்கிறதா? காலை வரை காத்திருக்க நேரமில்லை. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டைப் பிளந்து தளர்த்துவார்கள்.

நம் ஊர்க்காரர்கள் புத்தூர் கட்டு என்பார்கள். தில்லியில் எலும்பு கட்டும் பயில்வான்கள் இருக்கிறார்கள். செலவு குறைவு, உடனே கட்டிவிடுவார்கள் என்று போகிறார்கள். முறிந்த கையில் மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினால் மேலே சொன்ன ஆபத்துதான் வருகிறது. கை அழுகி வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. எண்ணெய் போட்டு நீவுவதும் முறிவை இன்னும் விலக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கா, முறிவா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயும் சில சமயம் ஏமாற்றும். கட்டை விரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? அந்தக் குழிக்கு அடியில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்துப் பதினாலு நாள் கழித்து எடுத்த படத்தில்தான் தெரியும். முதல் நாள் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தாலும் வலி போகவில்லை என்றால் மறுபடி போக வேண்டும். விட்டுவிட்டால் அந்த எலும்பு கூடாமலே நின்றுவிடும்.

அந்த இளைஞரிடம் திரும்புவோம். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. கட்டு தளர்ந்தது. உள்ளே எலும்பு விலக இடம் கிடைத்தது. இதைப் பார்க்கத்தான் முதல் இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்கிறார்கள். படம் எடுத்துப் பார்த்து, விலகியிருந்தால் அப்போதே சரி செய்துவிடலாம். எலும்பு இறுகிய பிறகு முடியாது. அவர் போகவில்லை. போனால் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். வலியும் இல்லை. இருபதாம் நாள் கத்தியால் கட்டை அறுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. வண்டி ஓட்டாத நாளில் கூலி இல்லை. அறை வாடகை நிற்காது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு முறிவுக்கு வழக்கமாக ஆறு வாரம் போல ஆகும். எலும்பு கோணலாகக் கூடினால் அறுவை செய்து, மறுபடி உடைத்து, தகடு வைக்க வேண்டிவரும். ஆறு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு மாதம் போகும். பிடிமானம் இல்லாத கையால் பிரேக் பிடிக்க முடியாமல் மறுபடி விழுவதும் உண்டு. வேலை கொடுக்கும் கம்பெனியில் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று முதல் வாரமே கேட்பது நல்லது. இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது பாலிதீன் பையால் மூடிக்கொள்ள வேண்டும். அரிப்பு எடுத்தால் சீப்பையும் குச்சியையும் உள்ளே விட்டுச் சொறிகிறார்கள். தோல் கிழிந்து உள்ளே புண்ணாகும். நாற்றமும் கசிவும் வந்த பிறகுதான் தெரியும். பீடி, சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும். பருப்பு, பால், முட்டை, கீரை சாப்பிடலாம். தனி மருந்துணவு வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

தகடோ கம்பியோ வைத்தவர்கள் தையலைக் கவனிக்க வேண்டும். சிவந்தாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே காட்ட வேண்டும். கால் எலும்பு முறிந்தவர்கள் டாக்டர் சொல்லும் முன் காலை ஊன்றக் கூடாது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு கூட நான்கு மாதம் போலக்கூட ஆகும்.

கட்டைப் பிரித்த பிறகு

கட்டைப் பிரித்ததும் கையைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். மெலிந்திருக்கும். தோல் உரியும். மணிக்கட்டு அசையாது. இது இயல்புதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக மேலும் கீழும் அசைக்க வேண்டும். துணிப் பந்தைப் பிழியலாம். சப்பாத்தி மாவு பிசைவது நல்ல பயிற்சி. நாளைக்கு மூன்று, நான்கு வேளை செய்ய வேண்டும். கொஞ்சம் வலிக்கும். முரட்டுத்தனமாகப் பிறர் பிடித்து வளைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கும். அங்கே பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். முழங்கால் ஜவ்வு அறுந்து, நடக்கும்போது கால் மடங்கிப் போகிறவர்களுக்கு சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் விளையாட்டுக் காயங்களுக்கான தனி மையம் இருக்கிறது.

நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து இரண்டு பிரேக்கையும் முழுப் பலத்தோடு பிடித்துப் பார்க்கலாம். வலியில்லாமல் பிடிக்க முடிந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓட்டலாம்.

வண்டிக்கும் அடி பட்டிருக்கும். நசுங்கிய பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். அதை வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்ட பேட்டரி வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அடி பட்ட பேட்டரியை மெக்கானிக் பார்க்கும்வரை வீட்டுக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

சீட்டும் பணமும்

ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே படம், மருந்து ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்க வேண்டும். வேறு வண்டி மோதியிருந்தால் போலீசில் சொல்லி அந்தத் தாளின் நகலையும் வாங்க வேண்டும்.

2025 மே மாதத்தில் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. மோட்டார் வாகனத்தால் சாலையில் விபத்து நேர்ந்தால், அடி பட்டவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை இது உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் தரும் திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. மெதுவான ஸ்கூட்டரில் தானாக விழுந்தவருக்கோ, அந்த வண்டி மோதி அடி பட்டவருக்கோ இந்தக் கதவுகள் எளிதில் திறக்கா. அந்த வண்டிக்குத்தான் நம்பரும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லையே.

இன்சூரன்ஸ் உள்ள வண்டி மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தில்லியில் சாகேத், கர்க்கர்டூமா, ரோகிணி, துவாரகா போன்ற மாவட்ட நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் அதே கட்டிடத்தில் உள்ள சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.